மனை வாங்கி முதலீடு செய்யப் போறீங்களா? 'அப்ரூவ்டு', பட்டா, வில்லங்கம்... டோக்கன் கொடுக்கும் முன் தெரிய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலுக்கே வேன் வரும். டிபன், மதியச் சாப்பாடு இலவசம். ஜி.எஸ்.டி. சாலையில் ஒன்றரை மணி நேரம் போனால் கொடிகள் கட்டிய ஒரு வளைவு, உள்ளே வரிசையாக பெயின்ட் அடித்த கற்கள். "சார், இன்னைக்கு டோக்கன் போட்டா சதுர அடிக்கு 50 ரூபாய் கம்மி. அடுத்த வாரம் ரேட் ஏறிடும்" என்பார் உடன் வந்தவர். 'கிளாம்பாக்கத்திலிருந்து 20 நிமிடம்', 'பரந்தூர் ஏர்போர்ட் அருகில்', 'வங்கிக் கடன் வசதி உண்டு' என்று கையில் ஒரு நோட்டீஸ்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களின் முதல் ரியல் எஸ்டேட் முதலீடு இப்படித்தான் தொடங்குகிறது. ஃபிளாட் வாங்க 60 லட்சம், 70 லட்சம் வேண்டும்; மனை என்றால் 10, 15 லட்சத்தில் முடிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் அந்த 10 லட்சம் பல குடும்பங்களில் பத்து வருஷ சேமிப்பு, அடகு வைத்த நகை, பி.எஃப். பணம். மனை வியாபாரத்தில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் விலையில் ஏமாறுவதில்லை, காகிதத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்தக் காகிதங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்று பார்ப்போம்.

'அப்ரூவ்டு' என்றால் யார் கொடுத்த அப்ரூவல்?

ஒரு விவசாய நிலத்தையோ தரிசையோ மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால், மனைப்பிரிவு வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியில் இதைக் கொடுப்பது சி.எம்.டி.ஏ. எல்லைக்கு வெளியே டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். சி.எம்.டி.ஏ. எல்லை முன்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. அதனால் உங்கள் மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதையே முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று சிலர் இன்னமும் சொல்வார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்ட வரைபடம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. ஊராட்சியின் பங்கு வேறு. டி.டி.சி.பி. தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உள்ளாட்சி தன் அனுமதியைக் கொடுக்க முடியும். அந்த ஒப்புதல் எண் இல்லாமல் வெறும் ஊராட்சி முத்திரையைக் காட்டினால், அது அன்அப்ரூவ்டு மனைதான்.

அன்அப்ரூவ்டு மனைகளின் கதை 2016-ல் திரும்பியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மாநிலம் முழுக்கப் பத்திரப்பதிவு ஸ்தம்பித்தது. பிறகு 2017 மே மாதம் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டு வந்தது. இதில் மனதில் வைக்க வேண்டிய தேதி 20.10.2016. அந்தத் தேதிக்குள் மனையாகப் பதிவு செய்யப்பட்டவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. நீர்நிலை, சாலை, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் போன்றவற்றுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எனவே பழைய மனையை மறுவிற்பனையில் வாங்கினால், 'இது அப்ரூவ்டா?' என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது. வரன்முறை ஆணை இருக்கிறதா, அதில் இந்த மனையின் எண்ணும் சர்வே எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணை இல்லாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது.

இந்தத் தடையைச் சுற்றிப் போக இப்போது ஒரு வழி புழங்குகிறது. 'ஃபார்ம் லேண்ட்', 'பண்ணை நிலம்' என்ற பெயரில் 5 சென்ட், 10 சென்ட் துண்டுகளாக விற்கிறார்கள். நான்கு மாமரக் கன்றும் ஒரு சொட்டு நீர்க் குழாயும் போட்டிருப்பார்கள். அது விவசாய நிலமாகவே பதிவாகும், மனையாக ஆகாது. விவசாயம் செய்ய ஆசைப்பட்டு வாங்கினால் தவறில்லை. "பின்னாடி வீடு கட்டிக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி மனை விலை கொடுத்தால்தான் சிக்கல்.

அப்ரூவல் நகலை வாங்கியதும் அதோடு உள்ள வரைபடத்தை சைட்டில் நின்று ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறதா? 30 அடி ரோடு என்று வரைந்திருப்பது நிலத்தில் 30 அடி இருக்கிறதா? ஒரு டேப் எடுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ரெரா எண் எதற்கு?

2016-ல் மத்திய அரசு கொண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைத்தான் ரெரா என்கிறோம். தமிழ்நாட்டில் இதன் விதிகள் 2017 ஜூனில் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டு விற்கும் எவரும், விளம்பரம் செய்வதற்கு முன்பே ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12 சென்ட்தான். ஆக, "எங்க லேஅவுட் சின்னது, ரெரா தேவையில்லை" என்று அரை ஏக்கர் வைத்திருப்பவர் சொன்னால் அது உண்மையில்லை.

வாங்குபவருக்கு இதில் கிடைக்கும் நேரடிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல், விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்க புரமோட்டருக்கு உரிமை இல்லை. இந்த ஒரு விதி தெரிந்திருந்தாலே வேனில் போய் உணர்ச்சிவசப்பட்டு 3 லட்சம் கொடுத்துவிட்டு வருவது நடக்காது. வெள்ளைத்தாள் அக்ரிமென்ட்டும் உதவாது. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.

ஆனால் ரெரா எண் இருப்பதால் நிலத்தின் உரிமை சுத்தம் என்று அர்த்தமாகிவிடாது. வங்கிக் கடன் கிடைக்கிறது என்பதும் அப்படித்தான். வங்கி தன் பணத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்கிறது. உங்கள் வக்கீல் உங்கள் பணத்துக்குப் பார்க்க வேண்டும். புரமோட்டர் "ஃப்ரீயா" ஏற்பாடு செய்யும் வக்கீல் கருத்துரையை மட்டும் நம்பாமல், 5,000 ரூபாயோ 10,000 ரூபாயோ செலவழித்துத் தனியாக ஒருவரிடம் பத்திரங்களைக் காட்டுவது இந்த முதலீட்டிலேயே மலிவான செலவு.

பட்டா இருந்தா போதுமா?

போதாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. இந்த சர்வே எண்ணுக்கு யார் பெயரில் வரி வசூலிப்பது என்பதுதான் அதன் அடிப்படை. வருவாய் ஆவணங்கள் மட்டுமே ஒருவருக்கு உரிமையைக் கொடுத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். நில அளவைத் திட்டத்தின்போது பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்களுக்கு இன்றுவரை கோர்ட்டில் அலைகிறவர்கள் உண்டு.

உரிமையைச் சொல்வது பத்திரங்களின் சங்கிலி. இப்போது விற்பவருக்கு யார் விற்றார், அவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன்னால் யார் என்று மூலப்பத்திரம் வரை ஒரு கண்ணியும் அறாமல் வர வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளாவது பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம்.

கண்ணி பெரும்பாலும் அறுவது குடும்பத்துக்குள். தாத்தா பெயரில் இருந்த நிலத்தை மூன்று மகன்கள் சேர்ந்து விற்றிருப்பார்கள். இரண்டு மகள்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். "அவங்களுக்கு நகை போட்டு கட்டிக் கொடுத்தாச்சே" என்பது வீட்டு நியாயம். சட்டம் அதை ஏற்பதில்லை. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அப்போது திருமணமாகியிருந்த பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகளும் கிரயங்களும் இதனால் பாதிக்கப்படாது. ஆனால் அதற்குப் பிறகு மகள்களை விட்டுவிட்டு நடந்த விற்பனை என்றால், வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மைனர் பங்கை கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தாலும் இதே தலைவலி. அந்தப் பிள்ளை 18 வயதுக்குப் பிறகு வழக்குப் போடலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று, பேச்சு வழக்கில் ஈ.சி. பதிவுத்துறை இணையதளத்தில் இதைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். கணினியில் ஏற்றப்படாத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். இந்த சர்வே எண்ணில் நடந்த கிரயம், அடமானம், தானம் என எல்லாம் வரிசையாக வரும். பதிவானது மட்டும்தான் வரும் என்பதுதான் இதில் விஷயம். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் இதில் தெரியாமல் போகலாம். சார்பதிவாளரும் விற்பவருக்கு முழு உரிமை இருக்கிறது என்று சான்று கொடுப்பவர் இல்லை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் சொத்து உங்களுடையது என்று நினைத்துவிடக் கூடாது.

பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் நேரில் பேச வேண்டும். 'பவர் பத்திரமே போதும், கிரயம் பின்னாடி' என்று வாங்கியவர்களுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது.

புறம்போக்கு, கோயில், பஞ்சமி

'புறம்போக்கு' என்ற சொல் இன்று வசவாகிவிட்டது. வருவாய்க் கணக்கில் அது ஒரு வகைப்பாடு. தனியாரின் வரிக் கணக்குக்குப் புறம்பாக, பொதுப் பயன்பாட்டுக்கு வைத்த நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, மயானம், வண்டிப்பாதை எல்லாம் இதில் அடங்கும். மனைப்பிரிவுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடியிருந்து, அதைத் தூர்த்து ரோடாக்கியிருந்தால் மழைக்காலத்தில் தண்ணீரும் வரும், ஒருநாள் நோட்டீஸும் வரும்.

வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். அ-பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். புலப்படத்தில் நிலத்தின் வடிவமும் பக்க அளவுகளும் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருப்பதால் பலர் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 0-04.50 என்றிருந்தால் நாலரை ஏர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட் என்பதால் சுமார் 11 சென்ட். விற்பவர் 13 சென்ட் என்று சொன்னால் மீதி 2 சென்ட் எங்கே என்று கேட்க வேண்டியதுதான்.

கோயில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். பஞ்சமி நிலம் தனிக் கதை. செங்கல்பட்டு மாவட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து ஆட்சியர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் பிரிட்டிஷ் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கியது. அந்த நிலத்தை மற்ற சமூகத்தினர் வாங்க முடியாது என்பது ஒதுக்கீட்டின் நிபந்தனை. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை போகாது. அது பறிக்கப்பட்ட ஒருவரின் உரிமை என்பதால், பணம் போகும் ஆபத்துக்கு மேலாகவே யோசிக்க வேண்டிய விஷயம்.

விமான நிலையம், புறவழிச்சாலை போன்ற திட்டங்களுக்கு அருகில் வாங்குபவர்கள், நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கையில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். 'ஏர்போர்ட் பக்கத்தில்' என்று வாங்கியது ஏர்போர்ட்டுக்குள்ளேயே போய்விட்டால், கிடைப்பது அரசு நிர்ணயிக்கும் இழப்பீடுதான்.

லாபக் கணக்கு: 12 லட்சம் 18 லட்சம் ஆனால்?

1,200 சதுர அடி மனையை சதுர அடி 1,000 ரூபாய்க்கு, 12 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்காகும். 12 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு. இந்த உதாரணத்தில் அது பொருந்தாது. தரகு 2%, பத்திரச் செலவு, வக்கீல் எல்லாம் சேர்த்தால் மொத்தம் சுமார் 13.5 லட்சம் ஆகிவிடும்.

ஆறு வருஷம் கழித்து 18 லட்சத்துக்கு விற்கிறீர்கள். "50 பர்சென்ட் லாபம்" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வார்கள். விற்கும்போதும் 2% தரகு போனால் கைக்கு வருவது 17.64 லட்சம். லாபம் 4.14 லட்சம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த நிலம் என்பதால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%, செஸ் சேர்த்து சுமார் 54 ஆயிரம். எல்லாம் போக, 13.5 லட்சம் ஆறு வருஷத்தில் 17.1 லட்சம் ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 சதவிகிதம். கடன் வாங்கி வாங்கியிருந்தால் இது நஷ்டம். காலி மனையில் வாடகையும் வராது.

மனையில் பணமே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே வாங்கியவர்களுக்கு நல்ல லாபம் கிடைத்தது. விற்பனைப் பிரதிநிதி காட்டுவது அவர்களை மட்டும்தான். ரியல் எஸ்டேட்டில் பணம் போட வேண்டும், ஆனால் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்க்க முடியாது என்பவர்களுக்கு ரீட் யூனிட்டுகள் இருக்கின்றன. அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருமானத்தில் பங்கு தரும் இவை 2019 முதல் இந்தியப் பங்குச் சந்தையில் வர்த்தகமாகின்றன. விலை ஏறி இறங்கும். நிலம் உங்கள் பெயரில் இருக்காது.

ரொக்கமாக வாங்குவதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வாங்குபவருக்கும் அது நல்லதில்லை. ரொக்கத்தில் கொடுத்த பகுதி பத்திரத்தில் ஏறாது. நாளை விற்கும்போது அதுவும் உங்கள் 'லாபமாக' மாறி வரி கட்ட வைக்கும்.

நாமே ஒரு ஏக்கர் எடுத்து பிளாட் போட்டால் என்ன?

இரண்டு மனை வாங்கி விற்றவர்களுக்கு அடுத்து வரும் ஆசை இது. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு ஏக்கர் வாங்கி, பிரித்து விற்கலாம் என்று பேசுவார்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஏக்கர் 1 கோடி என்றால் சதுர அடி 230 ரூபாய்தான். பக்கத்து லேஅவுட்டில் 900 ரூபாய்க்கு விற்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் 43,560 சதுர அடியையும் விற்க முடியாது. உள் சாலைகளை உள்ளாட்சிக்கு தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10% திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர் என்பதால் இந்த விதி பொருந்தும். விற்பதற்கு 25,000 சதுர அடி மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், நிலத்தின் விலையே சதுர அடிக்கு 400 ரூபாய் ஆகிவிட்டது. பதிவுச் செலவு 9 லட்சம். ரோடு, வடிகால், மின்கம்பம், அரசுக் கட்டணங்களுக்கு 25 லட்சம் என்றும், அனுமதியும் விற்பனையும் முடிய இரண்டு வருஷம், அதற்கு 12% வட்டி என்றும் உத்தேசமாகப் போட்டால் இன்னொரு 26 லட்சம். மொத்தம் 1.6 கோடி, சதுர அடிக்கு 640 ரூபாய். இதற்கு மேல் விளம்பரம், வேன், ஏஜென்ட் கமிஷன். விற்பனை மூன்று வருஷமாக இழுத்தால் நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தை நிற்கும்.

ரெரா வந்தபிறகு பணத்தைச் சுழற்றும் பழைய வித்தையும் நடக்காது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலம் மற்றும் கட்டுமானச் செலவுக்கு மட்டுமே எடுக்க முடியும். ஒரு லேஅவுட்டில் வந்த அட்வான்ஸை வைத்து அடுத்த ஊரில் நிலம் வாங்குவது சட்டப்படி முடியாது. பதிவே செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம்.

பரம்பரை நிலம் வைத்திருப்பவர்கள் விற்காமல் புரமோட்டரோடு கூட்டு ஒப்பந்தம் போடுவதும் உண்டு. நிலம் இவருடையது, செலவு அவருடையது, மனைகளைப் பிரித்துக்கொள்வார்கள். இதில் நில உரிமையாளர் கவனிக்க வேண்டியது பவர் பத்திரத்தின் வாசகங்களை. தன் பங்கு மனைகளின் எண்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, அவற்றை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் விற்பனை அதிகாரம் கொடுக்க வேண்டும். முழு நிலத்துக்கும் விற்பனை அதிகாரம் கொடுத்துவிட்டு "அவர் நல்லவர்தான்" என்று காத்திருப்பவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது ரோட்டு முனையில் யாரும் வாங்காத மனைகள்.

பத்திரம் பதிவான பிறகு

தனிப் பட்டாவுக்கு உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் அளந்துதான் பெயர் மாறும். தேவையில்லாத இனங்களில் பதிவோடு சேர்ந்தே மாறிவிடலாம். இரண்டில் எது என்று பதிவன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டா மாறும்வரை வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளரின் பெயரே இருக்கும். அதே மனையை இன்னொருவருக்கு விற்கும் மோசடிக்கு அந்த இடைவெளி உதவியாகிவிடும்.

நான்கு மூலைக்கும் கல் நட்டு, முடிந்தால் கம்பி வேலி போட்டு, ஒரு பெயர்ப் பலகை வைப்பது நல்லது. வேறொருவர் 12 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி அனுபவித்தால் அவர் உரிமை கோரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஈ.சி. எடுத்து, தங்கள் பெயருக்குப் பிறகு புதிதாக ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். இதற்குச் செலவு கிடையாது, நேரம் பத்து நிமிடம்.